திரும்பி வரும் காலி இருக்கைகள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் நலம். உன் அத்தானுக்குத்தான் முழங்கால் வலி. மருந்து சாப்பிடச் சொன்னால் காது கேட்காத மாதிரி இருக்கிறார். கடையில் பள்ளிச் சீருடை விற்பனை சூடுபிடித்துவிட்டது.

உன் கடிதம் கிடைத்தது. பக்கத்து நாட்டுக்கு நீ உன் நிறுவனத்தில் போராடித் தொடங்க வைத்த விமானத்தை மாதக் கடைசியோடு நிறுத்தப் பார்க்கிறார்கள், போகும்போது நிறைகிறது, திரும்பும்போது பாதி காலி, மேலாளர் கேட்டால் தலையாட்டிவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். கோபத்தில் பதில் எழுதக் கூடாது என்று இரண்டு நாள் பொறுத்தேன்.

தொடங்கியபோது நான் கேலி பண்ணினது உண்மை. "பஸ்ஸுக்கே பேரம் பேசுற ஊரு இது, இவன் பிளேன் விடுறானாம்" என்று கடை முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். முதல் மாதம் கோட்டுப் போட்ட நாலு பேரும் நானும்தான். இப்போது வரிசை வாசலைத் தாண்டுகிறது. கண் அறுவைக்குப் போகிற அம்மா, கல்லூரிப் பிள்ளைகள், பேரனைப் பார்க்கப் போகிறவர்கள், துணி எடுக்கப் போகிற எங்கள் கூட்டம். பதினான்கு மணி நேரம் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்த ஊரில் ஒரு மணி நேரத்தில் இறங்குகிறோம். சந்தை திறக்கும்போது முதல் ஆளாக நிற்கிறேன். நல்ல சரக்கு எனக்கு. இதை யோசித்தவன் என் தம்பி என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லாமல் நான் பெல்ட் மாட்டியதில்லை.

காலி இருக்கை விஷயத்துக்கு வருகிறேன். அதில் ஒன்று என்னுடையது. ஆமாம், உன் சொந்த அக்காவுடையதுதான். போகும்போது கைவீசிக்கொண்டு போகிறோம். வரும்போது ஆளுக்கு இரண்டு மூட்டை. உங்கள் ஆட்கள் இருபது கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். லாரியில் போட்டால் வழியில் பாதி காணாமல் போகும். மூட்டை எந்த வண்டியோ அந்த வண்டியில்தான் நாங்களும்; அதனால் திரும்புவது பஸ்ஸில். நீ வருத்தப்படுவாய் என்று சொல்லாமல் விட்டேன். அது என் தப்பு.

போன வாரம் திரும்பும் பஸ்ஸில் எழுந்து நின்று, "காலையில பிளேன்ல வந்தவங்க கையத் தூக்குங்க" என்றேன். நாற்பது பேரில் முப்பத்தொரு கை. பாத்திரக்கடைக்காரர், "ஏம்மா, அபராதம் எதுவும் போடப் போறாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் தூக்கினார்.

ஆள் குறையவில்லை தம்பி, மூட்டைக்குத்தான் இடமில்லை. பாதி காலியாகப் பறக்கிற விமானத்தில் சரக்கு ஏற்ற மாட்டேன் என்பது என்ன வியாபாரம்? திரும்பும்போது மட்டும் அறுபது கிலோ விடச் சொல். தனிக் கட்டணம் கேட்டாலும் கொடுப்போம். முப்பத்தொரு பேரின் கையெழுத்தும் இத்துடன் இருக்கிறது. மேலாளர் மேசையில் வைத்துவிட்டுப் பேசு.

சின்ன வயதிலிருந்தே உன் விடை சரியாகத்தான் இருக்கும். யாராவது குரலை உயர்த்தினால் நீயே அழித்துவிடுவாய். இந்தத் தடவை அழிக்காதே.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதிக்கு, போகவும் வரவும் சேர்த்தே உன் விமானத்தில் டிக்கெட் எடுத்துவிட்டேன். நன்றாக இரு.

உன் அக்கா