நீ கேட்ட அந்த ஒரு நாள்

என் ஸ்ரெலாவுக்குத் தம்பியாயிருந்து எனக்கும் தம்பியாகிவிட்ட ஜெறோம்,

இன்றைக்கு எங்களுக்கு ஓய்வு நாள். கொழும்பில் சைக்கிள் எடுத்து இது ஏழாம் நாள். வேலணையில் ஒரு மண்டபத்தில் பதினான்கு பேரும் படுத்தெழும்பினோம். நாளைக்குப் பருத்தித்துறை, அதோடு பயணம் முடிகிறது. போன வருடம் வரை, வருடா வருடம் போகும் எங்கள் பயணத்தில் ஓய்வு நாள் என்று ஒன்று இருந்ததில்லை. நீ போன பிறகுதான் வைத்தார்கள்.

காலையில் சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, வியர்வைச் சட்டைகளைத் தோய்த்துக் காயப்போட்டுவிட்டு, எல்லோரும் சாட்டிக் கடலுக்குக் குளிக்கக் கிளம்பினார்கள். "அண்ணை, நீங்கள் வரேல்லையோ?" என்று ரமணன் கேட்டான். ஓரிடத்துக்குப் போகவேண்டும் என்றேன். எங்கே என்று அவன் கேட்கவில்லை.

குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு தேத்தண்ணிக் கடைச் சுவரோடு சைக்கிளைச் சாத்திப் பூட்டிவிட்டு, நெடுந்தீவுப் படகில் ஏறினேன். ஸ்ரெலா இப்போது அங்கேதான் இருக்கிறாள். உங்கள் வீட்டில், தனியே. உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு என்னை விட்டுப் போனவள் திரும்பி வரவில்லை. ஏன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான்.

போன வருடப் பயணத்தில், மன்னாரில் அன்று காலை நீ என்னிடம் தனியே கேட்டது படகில் போன நேரம் முழுக்கக் காதில் கிடந்தது. காய்ச்சல் விட்டு உனக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. "அத்தான், இண்டைக்கு ஒரு நாள் நிப்பமே? கால் ஏலாமக் கிடக்கு" என்றாய். குழுவுக்குத் தலைவன் நான். "ஒராளுக்காக எல்லாரும் பிந்தேலாது. மெல்ல மெல்ல வா" என்றேன். விடத்தல்தீவில் தண்ணீர் குடிக்க நின்றபோது திரும்பவும் கேட்டாய். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதில்கூடச் சொல்லவில்லை. வெள்ளாங்குளம் தாண்டி, நிழலே இல்லாத அந்த ரோட்டில் நீ விழுந்தாய். தூக்கிய கைகளை உன் உடம்பு சுட்டது. அதன்பிறகு நீ கண் திறக்கவேயில்லை.

உன் செத்தவீட்டில் எழும்பி நின்று நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நில்லடா எண்டு நான் சொல்லச் சொல்லக் கேளாமல் சைக்கிள் ஓடினவன் என்ரை மச்சான்." சனம் விம்மி அழுதது. என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். நான் அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்தபோது ஸ்ரெலா மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றாள். உன் பழைய சட்டையொன்றை மேலே போட்டிருந்தாள். என்னைக் கண்டும் வாளியைக் கீழே வைக்கவில்லை. மாடு குடித்து முடித்த பிறகுதான் "வாங்கோ" என்றாள். கதிரை போட்டாள். தேத்தண்ணி தந்தாள். வழிதவறி வந்த ஒருவருக்குத் தருவதுபோல.

"ஜெறோம் நிப்பம் எண்டு கேட்டவன்" என்றேன். "ரெண்டு தரம் கேட்டவன். நான்தான் நிக்க விடேல்லை. செத்தவீட்டிலை சொன்னது பொய்."

கத்துவாள் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "விடத்தல்தீவிலை நிண்டு எனக்குப் போன் எடுத்தவன். அத்தான் கோவிப்பார், நீ ஒருக்காச் சொல்லன் அக்கா எண்டவன். உடனை நான் உங்களுக்கு எடுத்தனான். நீங்கள் சைக்கிள் ஓடேக்கை போனைப் பாக்கிறேல்லையே."

அந்த அழைப்பை ஆஸ்பத்திரி வாசலில்தான் கண்டேன், ஜெறோம். சும்மா சுகம் விசாரிக்க எடுத்திருப்பாள் என்று நினைத்தேன்.

"பிறகேன் நீர் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்தனான். முப்பத்தொரு நாளும் பாத்தனான்."

"மன்னிச்சுக்கொள்ளும். வீட்டை வாரும், ஸ்ரெலா."

"எனக்குச் சொன்னது காணாது. சனத்துக்கு முன்னாலை சொன்ன பொய். சனத்துக்கு முன்னாலை நிண்டு திருப்பி எடுங்கோ."

"எடுத்தா வருவீரோ?"

"மாட்டன்." அவள் யோசிக்கவேயில்லை. "உங்களோடை இருக்க இனி எனக்கு ஏலாது. அது வேறை, இது வேறை. எனக்காண்டிச் சொல்ல வேண்டாம். அவனுக்காண்டிச் சொல்லுங்கோ."

பிறகு எழும்பி, நான் குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு, "படகுக்கு நேரமாகுது" என்றாள். வாசல் படலை வரை வந்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது அங்கே இல்லை.

அந்த அழைப்பை எடுத்திருந்தால் நின்றிருப்பேனா? அவள் சொன்னால் கேட்டிருப்பேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் உன்னிடமே கேளாதவன், அவளிடம் மட்டும் கேட்டிருப்பேனா? மன்னாரில் அன்று நின்றிருந்தால், நாள் முழுக்க நித்திரை கொண்டு எழும்பி, பின்னேரம் என்ன சாப்பிடக் கேட்டிருப்பாய்?

நான் திரும்பி வந்தபோது மற்றவர்களும் கடலிலிருந்து வந்துவிட்டார்கள். தலையெல்லாம் மணல், ஒரே சிரிப்பு. ஒரு நாள் நின்றது எவ்வளவு நல்லது, காலெல்லாம் இலேசாகிவிட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. வெளியில் வந்து குந்தியிருந்துதான் இதை எழுதுகிறேன்.

நாளைக் காலை, ஒருவரும் சைக்கிளில் ஏறுவதற்கு முன், இதை எல்லோருக்கும் வாசிப்பேன். உன் மரண அறிவித்தல் வந்த பத்திரிகைக்கும் அனுப்புவேன். அவர்கள் இனி என்னோடு பயணம் வருவார்களோ தெரியாது. ஸ்ரெலா வரமாட்டாள். நீயும் வரப்போவதில்லை. இதனால் ஒன்றும் திரும்பிக் கிடைக்காது என்று தெரிந்துகொண்டுதான் வாசிப்பேன். நீ பிடிவாதமாக ஓடிச் சாகவில்லை, ஜெறோம். நிற்கக் கேட்டாய். இரண்டு தரம் கேட்டாய்.

உன் அக்காவுக்கு இனி ஒன்றுமில்லாத,
ஆனாலும் உனக்கு,
அத்தான்
செல்வம்