மருத்துவச்சிக்கு நான் எழுதிய முடிவு

1936 மார்ச் 2, மாத்தளை

வாரப் பத்திரிகைக்கு நான் எழுதும் துப்பறியும் தொடரின் பத்தாம் அத்தியாயம் முடிந்தது. தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் பெரிய கங்காணியைக் கொன்றவள் மருத்துவச்சி. எல்லா வீட்டுக்குள்ளும் போகிறவள், எவரும் சந்தேகிக்காதவள். கஷாயம், பின்கதவு, அவள் சொன்ன பொய் எல்லாம் அழகாகப் பொருந்துகின்றன. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. விடை சரி, வழி தவறு என்றால் பிள்ளைகளுக்குப் பாதிப் புள்ளிதான் கொடுப்பேன். இதற்கு எத்தனை கொடுப்பது?

அவள் கொல்லுவாளா? குணத்தைச் சூசையம்மாவிடமிருந்து எடுத்தேன். இரத்தோட்டைக்கு மேலுள்ள தேயிலைத் தோட்டத்தில் பிரசவம் பார்ப்பவர். ஞாயிறு பூசையில் காண்போம். வயிற்றைத் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வதுகூட அவருடையதுதான்.

மார்ச் 5

அச்சகத்தில், பத்திரிகை நடத்தும் ஜமால்தீனிடம் சொன்னேன்: சம்பவம் முள்முருக்கு மரம், குணம் அதில் ஏறும் மிளகுக்கொடி. கொடியை இழுத்துக் கட்டினால் காய்க்காது.

அவர் சிரித்தார். "மாஸ்டர், சனம் கொடியப் பார்க்கவா பத்திரிகை வாங்குது? யாரு செஞ்சதுன்னு சொல்லுங்க, போதும்."

அத்தியாயத்தை அப்படியே கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 9

மனைவி மரியாயி படித்தாள். "சூசையக்கா நடந்து வர்ற மாதிரியே இருக்குங்க." நாள் முழுதும் எனக்குச் சந்தோஷம்.

மார்ச் 17

சூசையம்மா வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கஷாயத்துல என்னாத்தக் கலக்குறேன்னு கேக்குறாங்க, வாத்தியாரே. ஒருத்தரும் கூப்புடுறதில்ல. கிருஷ்ணம்மா மருமக அழகம்மாவுக்கு மாசம் நெருங்கிருச்சு. புள்ள குறுக்கால கெடக்கு. இப்பவே தடவுனாத் திருப்பிரலாம். மாமியாக்காரி வாசப்படி ஏற விடமாட்டேங்கிறா."

பிறகுதான் விளங்கிற்று. தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரையும் கூட்டிவைத்து, எழுத்துத் தெரிந்த ராசையா பத்திரிகையை உரக்கப் படிக்கிறான். முதலில் கோர்ட்டு வழக்குகள். அதே பக்கத்தில், அதன் கீழே என் கதை. அவனும் நிறுத்தாமல் ஒரே குரலில் படித்துக்கொண்டு போகிறான். காதால் கேட்கிறவர்களுக்கு வழக்கு எங்கே முடிந்தது, கதை எங்கே தொடங்கிற்று? அந்தத் தோட்டத்துக் கங்காணி தை மாதம் காய்ச்சலில் இறந்தாராம். எனக்குத் தெரியவே தெரியாது.

மார்ச் 18

அடுத்த அத்தியாயத்தில் குற்றவாளியை மாற்றிவிட்டேன். கொன்றவன் கங்காணியின் தம்பி. மேலே 'இது கட்டுக்கதை' என்று பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். "இத்தனை வாரம் அவளைக் காட்டிட்டு இப்ப தம்பியா? ஒட்டாது மாஸ்டர்" என்றார் ஜமால்தீன். ஆனால் போடுகிறார்.

மார்ச் 22, ஞாயிறு

நானே தோட்டத்துக்குப் போனேன். ராசையா புது முடிவைப் படித்து முடித்ததும் எழுந்து சொன்னேன்: எழுதியவன் நான், எல்லாம் கற்பனை, சூசையம்மா ஒரு பாவமும் அறியாதவர்.

பின்னாலிருந்து ஒருவன், "அவ எவ்வளவு குடுத்தா வாத்தியாரே?" என்றான். சிரித்தார்கள்.

கிருஷ்ணம்மா சிரிக்கவில்லை. "கற்பனைங்கிறீங்க. அவ கையத் தேய்க்கிறது கற்பனையா? நடை கற்பனையா? அதெல்லாம் நெசமா இருந்தா இதும் நெசந்தான். மொதல்ல எழுதினதுதான் பொருந்துது."

நாற்பது வருஷம் வகுப்பில் நின்றவன் நான். அவள்முன் கைகூப்பினேன். மருமகளை ஒரு தடவை தொட்டுப் பார்க்கவாவது சூசையம்மாவை விடும்படி கெஞ்சினேன். பிள்ளையைப் பார்க்கத் தனக்குத் தெரியும் என்று போய்விட்டாள்.

மார்ச் 26

அழகம்மா செத்துட்டா. பிள்ளையும். கூப்பிட்டிருக்கலாமே. வாசல்லதானே உட்கார்ந்திருந்தாங்களாம் சூசையம்மா — கதவைத் திறந்தா போதுமே. ஏன் திறக்கல?

ஏன் என்று எனக்குத் தெரியாதா.

மார்ச் 29

எழுதவில்லை.

ஏப்ரல் 11

வாசலில் உட்கார்ந்து மந்திரித்தே அழகம்மாவைக் கொன்றாள் என்று தோட்டத்தில் பேச்சாம். ராசையா வந்து சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றான். இனிப் பத்திரிகை படிக்கமாட்டானாம். அவனைக் குற்றம் சொல்ல நான் யார்? பல்லேபொல ஊரிலிருந்தெல்லாம் அடுத்த கதை கேட்கிறார்கள் என்று ஜமால்தீன் ஆள் அனுப்பினார். ஆளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினேன்.

ஏப்ரல் 20

சூசையம்மா எங்களோடு இருக்கிறார். மரியாயிதான் போய்க் கூட்டிவந்தாள். இன்று மத்தியானம் பக்கத்து வீட்டு இத்ரூஸ் ஓடிவந்தார். மகளுக்கு வலி கண்டுவிட்டதாம், யாரோ இங்கே மருத்துவச்சி இருப்பதாகச் சொன்னார்களாம்.

சூசையம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. வேற யாரையாச்சும் பாருங்க."