கிழக்குப் பள்ளத்தில் எச்சம் எதுவும் இல்லை

நாள் 1 — 07:10
இதைக் கண்டெடுப்பவருக்கு முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். "கிழக்குப் பள்ளத்தில் எச்சம் எதுவும் இல்லை" என்ற சான்றிதழைக் கப்பலில் தயிர்சாதம் சாப்பிட்டபடியே எழுதி, கையெழுத்திட்டு, அனுப்பிவிட்டேன். இந்தக் கோளில் கால் வைத்தது அதற்கு அப்புறம்தான். சுரங்கம் தோண்டுமுன் பழைய குடியிருப்பு, கல்லறை, கோயில் உண்டா என்று பார்த்துச் சொல்வது ஆவுடையப்பனாகிய என் பிழைப்பு. இருபத்திரண்டு வருடத்தில் இரண்டு பானை ஓடுகள் கண்டுபிடித்திருக்கிறேன். ஒன்று பக்கத்து டீக்கடையுடையது.

என் கலம் மேட்டின் உச்சியில் நிற்கிறது; மேட்டுக்கு இரு பக்கமும் பள்ளம். நாலாம் நாள் 16:00 மணிக்குக் கப்பலிலிருந்து பள்ளத்தில் வெடி இறங்கும். அதுவரை நடைப்பயிற்சி.

நாள் 2 — 11:40
பள்ளத்தில் பத்தொன்பது வீடுகள்! கல் சுவர், முழங்கால் உயர வாசல். தொப்பையோடு குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். அடுப்பு. சாம்பலின் வெப்பம் 61 டிகிரி. இது எச்சம் இல்லை, குடித்தனம்.

கப்பலில் வானொலி பார்க்கும் வேதநாயகியிடம் சொன்னேன். என் குறட்டையை மூன்று கிரகங்களுக்குப் பரப்பியவள். பதில்: "ஒண்ணுமில்லன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிய அண்ணாச்சி? ஊரு இப்பத்தான் மொளச்சுதோ?"

நாள் 3 — 09:25
பார்க்காமல் கையெழுத்திட்டேன் என்று மேலிடத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். வேலை போகும், போகட்டும். பதில்: "மேலிடத்துல சிரிக்காங்க. ரத்து பண்ணணும்னா நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம். தலைமையகத்துக்குப் போவ ஆறு நாளாவும்லா?"

உட்கார முடியவில்லை. வீடுகளைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

நாள் 4 — 14:20
வெளியே வந்துவிட்டார்கள். முழங்கால் உயரம், சாம்பல் நிறம், முதுகில் கட்டிய குட்டிகள். கையைத் தட்டி, காலை உதைத்து, ஆடு விரட்டுவதுபோல் "ஹை, ஹை" என்று மேட்டுக்கு அந்தப் பக்கம் விரட்டினேன். ஒருத்தி கிண்ணத்துக்காகத் திரும்பி ஓடிவந்தாள். நானே எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். எண்பத்தாறு பேர். எல்லோரும் மேடு தாண்டியாயிற்று.

நாள் 4 — 15:57
யாராவது விடுபட்டிருந்தால் என்று வீடு வீடாகப் பார்த்தேன். கடைசி வாசலில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டது. குரலில்தான் பதிகிறேன். வீரமரணம் என்று எழுதுங்கள்; பின்பக்கத்தைப் படம் எடுக்க வேண்டாம்.

நாள் 4 — 16:04
தரை குலுங்கியது. அந்தக் குலுக்கலில் தலை வெளியே வந்துவிட்டது. உயிரோடு இருக்கிறேன். பத்தொன்பது வீடுகளும் நிற்கின்றன. மேட்டுக்கு அந்தப் பக்கம் புகை.

வேதநாயகி: "அண்ணாச்சி! இருக்கியளா? பதறிப்போயி ஒங்க சிக்னலத் தேடினேன். மேட்டுக்கு மேக்கால்ல காட்டுது? அங்க என்ன சோலி?"

நான்: "வெளையாடாத தாயி. நான் எறங்குனது கெழக்கதான். சூரியன் உதிச்ச பக்கம்."

வேதநாயகி: "இந்தக் கோள்ல சூரியன் மேக்கதான் உதிக்கும், அண்ணாச்சி."