விலங்கு மாட்டும் காட்சியோடு நின்றுபோன படம்

என் அன்பு அப்பாவுக்கு,

நீ பாதியில் எழுந்து போன அந்தப் படத்தை நானும் இன்னும் முடிக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் டிவியில் போட்டார்கள். அணைத்துவிட்டேன்.

உனக்கு அந்தக் குண்டு போலீஸைத்தான் பிடிக்கும். எந்நேரமும் தின்றுகொண்டே, முதலில் அடித்துவிட்டு அப்புறம் பெயர் கேட்பவன். எனக்கு ஒல்லிப் போலீஸ். எதையும் நோட்டில் எழுதாமல் நகர மாட்டான். ஹாங்காங்காரர்கள் இரண்டு பேரும் டப்பிங்கில் சண்டை போட, நடுவில் நீ புகுந்துவிடுவாய். "இன்னாடா எழுதினு கீற? திருடன் பஸ் ஏறிப் போய்ட்டான் பாரு." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏட்டம்மா, உன் ஆளு தேற மாட்டான்." நோட்டும் கையுமாகவே இருக்கும் எனக்கு நீ வைத்த பெயர்.

அன்றைக்கு அந்த இரண்டு பேரையும் வில்லன் ஒரே விலங்கில் பூட்டிய இடம். சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறியது. போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். உன் தோல் டேனரி சூப்பர்வைசர். "அப்பாவை வரச் சொல்லும்மா. கழிவுத் தொட்டி அடைச்சிக்கிச்சு. எறங்கி எடுத்துவுட்டா பத்து நிமிஷ வேலை."

அப்படியே உன்னிடம் சொன்னேன். "நீ பார்த்து வை, வந்து கதை கேட்டுக்கறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனாய்.

தொட்டிக்குள் விஷவாயு இருந்தது. நான் அந்தப் போனை எடுக்காமல் இருந்திருந்தால், அப்பா?

நேற்று அந்த சூப்பர்வைசர் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தார். அதில், யாரும் கூப்பிடாமல், லீவு நாளில் நீயாகவே வந்து, நீயாகவே இறங்கினாயாம். "சும்மா ஒரு பார்மாலிட்டிக்கு" என்று அம்மா கையில் பேனாவைக் கொடுத்தார். அம்மா வாங்கியும்விட்டாள். நான் பிடுங்கிக்கொண்டேன்.

"அன்னிக்கு போன் பண்ணது நீங்கதானே சார்?"

"ஷிப்ட் மாத்தறதுக்குப் பண்ணேன். சின்னப் பொண்ணு, உனக்கு இன்னா தெரியும்?"

நோட்டைத் திறந்து காட்டினேன். உனக்குக் கதை சொல்ல வேண்டுமே என்று நீ கிளம்பியதுமே எழுத ஆரம்பித்த பக்கம். மேலே நேரம், கூப்பிட்டவர் பெயர், அவர் சொன்ன வார்த்தைகள். கீழே படக்கதை. பக்கத்து வீட்டக்கா உன் சேதியோடு ஓடிவந்த இடத்தில் நின்றுபோன ஒரு வாக்கியம்.

அவர் தாளை மடித்துக்கொண்டு போனார். பேனாவைக் கேட்கவில்லை.

பாஸ்டர் வந்து, அவரை நாங்கள் மன்னிக்கும்படி ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. குண்டு போலீஸாக இருந்தால் அந்த ஆளை ஓர் அறை விட்டிருப்பான். எனக்கும் கை துடித்தது. ஆனால் கன்ன வீக்கம் மறுநாளே வடிந்துவிடும் அப்பா. எனக்கு அது போதாது.

திங்கட்கிழமை போலீஸ் விசாரணை. அம்மாவோடு நானும் போகிறேன், நோட்டோடு. என் வாக்குமூலத்தில் அவர் விட்டுப்போன பேனாவால்தான் கையெழுத்துப் போடுவேன். இந்தக் கடிதமும் அதில்தான் எழுதுகிறேன். மை நன்றாக ஓடுகிறது.

அவர் கையில் விலங்கு ஏறும் நாளில் மீதிப் படத்தைப் பார்த்து, உனக்கு முழுக்கதையும் சொல்வேன்.

உன் மகள்,
ஏட்டம்மா