காளைக்கன்றுக்கு இல்லாத பால்

வியாழன் இரவு

காலையில் எழுந்ததும் முதலில் கொட்டகைக்குப் போனேன். போன வாரம் பிறந்த காளைக்கன்றைத் தூக்கி நிறுத்தினால்தான் நிற்கிறது. விலா எலும்பெல்லாம் தெரிகிறது.

இவர் பால் கறக்க வந்தார். கன்றைக் கொஞ்சம் ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் இழுத்துக் கட்டினார். மடியை ஒட்டக் கறந்தார்.

"ஏங்க, ஒரு காம்பாவது அதுக்கு விடுங்க."

"கிடாரின்னா விடலாம். இத்த வச்சிக்கினு இன்னா பண்ணப்போற? ஏர் ஓட்டப் போறியா?"

"அப்ப வித்துடுங்க."

"நயினார் வூட்டுக் கன்னு கறிக்குப் போச்சின்னு சித்தாமூரே பேசணுமா? பேஜாரு பண்ணாத, போ."

போன ஈற்றுக் காளைக்கன்றும் இப்படித்தான் போனது. தானாகச் செத்துவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னார். சமணர்களான எங்களுக்கு விற்றால்தான் பாவமாம். பட்டினி போட்டால் இல்லையாம். சாயங்காலம், இருட்டினால் சோற்றில் பூச்சி விழுந்து சாகும், அது பாவம், சீக்கிரம் போடு என்று என்னை விரட்டினார். கோபத்தில் அவர் தட்டில் சோற்றைக் கொட்டினேன்.

நாளை அவர் எழுவதற்கு முன்பே கன்றை அவிழ்த்துவிடப் போகிறேன். நிற்க முடியாவிட்டால் நான் பிடித்துக்கொள்வேன். வயிறு முட்டக் குடிக்கட்டும். அவர் சொசைட்டிக்கு வெறும் கேனை எடுத்துக்கொண்டு போகட்டும்.