மாப்பிள்ளை ஓட்டாத வண்டி

மார்ச் 4

மகளின் வண்டி இன்று பாலத்தின் மேல் மீண்டும் ஆடியது. ஆடியது என்பது மெலிந்த சொல். பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கிய நொடியில் முன்சக்கரங்கள் இரண்டும் வெறிபிடித்தவை போல் உதறத் தொடங்கி, ஸ்டீயரிங் அவள் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போகப் பார்த்திருக்கிறது. பின்னால் கொக்கியில் வாடகைக்குப் போகும் ஜெனரேட்டர். பக்கவாட்டில் பேருந்து. வேகத்தை மெல்ல மெல்லக் குறைத்து உயிரோடு வந்து சேர்ந்தாள். வந்தவள் ஏதோ ஊர்க்கதை போல அதைச் சொன்னாள்.

இருபது ஆண்டு உழைத்த பெரிய பிக்கப். காலையில் இருமாமல் எழாது. டீசல் கசியும். கதவின் அடி துருவேறி உதிரும். இவை அத்தனையும் பொறுத்துக்கொள்ளத் தக்கவை. வழியில் நிறுத்தும், அவ்வளவே. ஆனால் இந்த உதறல்?

பழுது பார்ப்பவர் யார்? என் மருமகன். சொந்தப் பட்டறை. சொந்த மனைவி ஓட்டும் வண்டி. அவர் தீர்ப்பு: “டேம்பர் போயிருக்கும். மாத்திடலாம்.” ஸ்டீயரிங்கின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் குழாய் அது. இவ்வாண்டில் இது மூன்றாவது!

மார்ச் 5

புது டேம்பர் ஏறிவிட்டது. இரண்டு வாரம் வண்டி பொய்யாக நல்ல பிள்ளையாக இருக்கும்.

மார்ச் 9

நகரமன்றத் திடலில் கூட்டம். குடிநீர்க் குழாய்களை மாற்றாமல் பெயிண்ட் அடித்துக் காசு பார்த்த தலைவரை, முன்வரிசையில் அவர் அமர்ந்திருக்கையிலேயே கிழித்தெறிந்தேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இறங்கி வந்தால் கீழே மருமகன். “பிரமாதம் மாமா! ஒரு பயலுக்கும் பயப்பட மாட்டீங்க.”

நான் என்ன சொன்னேன்? “சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?”

மகள் அருகில் நின்று சிரித்தாள். “தலைவரையே நாறடிச்சிட்டு வர்றீங்க. இவரப் பாத்தா மட்டும் ஏம்பா குரல் இப்படிக் குழையுது?”

தூ! என் நாவே, நீ மேடைக்கு மட்டுந்தானா?

மார்ச் 10

இல்லாளிடம் கொதித்தேன். அவள் கறி நறுக்கியபடியே, “நீங்க ஒரு வார்த்தை கூடப் பேசிட்டா அவரு முறுக்கிக்குவாரு. நாளைக்கு பொண்ணு பெட்டியோட வாசல்ல நிக்கும். பரவாயில்லையா?” என்றாள்.

பெட்டியோடு நிற்பாள். நிற்கட்டுமே! நிற்கக் கால்கள் இருக்கும் அல்லவா?

மார்ச் 16

மகள் வந்திருந்தாள். “அப்பா, வண்டிக்கு அடியில படுங்க. நான் ஸ்டீயரிங்க இப்படியும் அப்படியும் திருப்புறேன்.”

இயந்திரம் ஓட, வெள்ளைச் சட்டையோடு மண்ணில் படுத்தேன். முன் அச்சைச் சட்டகத்தோடு இழுத்துக் கட்டும் குறுக்குத் தண்டு ஒன்று உண்டு. அவள் திருப்பும்போதெல்லாம் அதன் முனை தன் துளைக்குள் ‘டொக், டொக்’ என்று நகர்ந்தது. ஆணி தேய்ந்து, துளை முட்டை வடிவாகியிருக்கிறது. முன் அச்சு முழுவதும் பிடியற்றுக் கிடக்கிறது. அவரோ மேலே டேம்பர் டேம்பராக மாட்டுகிறார்!

“அவர்ட்ட சொன்னியா?”

“மூணு தடவை. ‘ஓட்டுறவ வேலைய நீ பாரு’ன்னாரு.”

மார்ச் 17

மருமகன் விருந்துக்கு வந்தார். தொண்டையைச் செருமி, சொற்களுக்குப் பன்னீர் தெளித்து, “அந்தக் குறுக்குத் தண்டையும் ஒரு பார்வை பாத்தா...” என்று தொடங்கினேன்.

“அவ வேகமா ஓட்டுறா மாமா. நீங்க கொஞ்சம் சொல்லி வைங்க.”

தலையாட்டினேன். ஆம், ஆட்டினேன்! இந்தத் தலையை வைத்துக்கொண்டுதான் அஞ்சாமையைப் பற்றி மேடைதோறும் முழங்குகிறேன்.

மார்ச் 22

மீண்டும் அதே பாலம். இம்முறை வண்டி தடுப்புச் சுவரை உரசிவிட்டது. பக்கக் கண்ணாடி பிய்ந்து ஆற்றில் விழுந்ததாம். கண்ணாடி விழுந்தது. அவள் விழவில்லை.

போதும்.

மார்ச் 23

மகளிடம் வண்டியை வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். வேலையாட்கள் நால்வர் பார்த்திருக்கச் சாவியை நீட்டினேன். “மாப்பிள்ளை, நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்.”

சிரித்தார். “எதுக்கு மாமா, அதான் நம்ம தெருவுல ஓட்டிப் பாத்தாச்சே.”

“பாலத்துக்குப் போகலாம்.”

அந்த வண்டியைத் தன் தெருமுனைக்கு அப்பால் அவர் ஒருநாளும் ஓட்டியதில்லை. மகள் போகும் அதே வேகத்தில் போகச் சொன்னேன். இணைப்பில் சக்கரம் ஏறியது. அம்மா! பற்கள் ஒன்றோடொன்று மோதின. முன்னால் சாலையே இரண்டாகத் தெரிந்தது. அவர் “மாமா! மாமா!” என்று அலறினார். “பிரேக்க மிதிக்காத! மெல்லக் கொற!” என்று கத்தினேன். மகள் சொன்னது அது.

ஓரங்கட்டி நிறுத்தினார். முகத்தில் சொட்டு இரத்தமில்லை. “எத்தனை நாளா இப்படி இருக்கு?” என்று கேட்டார்.

கேட்டாரே அந்தக் கேள்வியை!

“உன் பொண்டாட்டி மூணு தடவை சொன்னா! மூணு தடவை! அப்ப உன் காது எங்க போச்சு? அவ செத்தப்புறம்தான் அடியில படுத்துப் பாப்பியாடா?”

பாலத்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஆயிரம் மேடை ஏறியிருக்கிறேன். இவ்வளவு கேவலமாக எங்கும் பேசியதில்லை. இவ்வளவு உண்மையாகவும்.

இருவரும் திரும்பினோம். ஊர்ந்து.

மார்ச் 24

இல்லாள் என்னோடு பேசவில்லை. மாப்பிள்ளையை ‘டா’ போட்டேனாம். சம்பந்தியம்மா காலையிலேயே அழைத்துக் கேட்டுவிட்டார்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

மார்ச் 27

கேட்க மாட்டேன்.

ஏப்ரல் 13

இன்று என் பிறந்தநாள் விருந்து. மகள் மட்டும் வந்தாள், வண்டியிலேயே, புதுக் கண்ணாடியோடு. இல்லாள் வாயிலைப் பார்த்துக்கொண்டே பரிமாறினாள்.

“அவரு வரலையா?” என்று கேட்டது நான்தான்.

“உங்க பேர எடுத்தாலே எழுந்து போயிடுறாரு.”

“வண்டி?”

“தண்டு, புஷ்ஷு, ஆணி எல்லாமே புதுசு. துளைய வெல்டு வெச்சு மறுபடி கடைஞ்சிருக்காரு. யாருகிட்டயும் எதுவும் சொல்லல. இப்பல்லாம் எந்த வண்டி வந்தாலும் தானே பாலம் வரைக்கும் ஓட்டிட்டு வந்துதான் சாவியக் குடுக்குறாரு.”

இல்லாள் உள்ளே போய் ஒரு தூக்குப் பாத்திரம் நிறையச் சாப்பாடு கட்டினாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. வண்டிவரை நானே தூக்கிச் சென்று, முன் இருக்கையில் சாயாமல் வைத்தேன்.