கணவரை வெளியே அனுப்பவும்

தொம்மலூர், பெங்களூரு,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் டீனாவுக்கு,

லீட்ஸ் நகரத்துக் குளிரில் ஆண்டவர் உன்னைக் காப்பாராக. எனக்கு முட்டிவலி தவிரக் குறையில்லை. நம் தெரு முழுக்க இளஞ்சிவப்புப் பூ கொட்டிக் கிடக்கிறது. ஆட்டோக்கள் அதன்மேல் மிதந்து போவது போல இருக்கிறது.

டாக்டர்கள் பழகுவதற்கு நீ செய்திருக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டு வந்து சேர்ந்தது. உன் தம்பி கிளிஃபர்ட் சொல்லித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். யாரும் சொல்லித் தராமல் லிஃப்ட் ரிப்பேர் கற்றவன் நான். காதை வைத்துக் கேட்டே பழுது எங்கே என்று சொல்லிவிடுவேன். அம்மாவுக்கு நடந்ததை அதில் வைக்க என் கையெழுத்து கேட்டிருக்கிறாய். அவள் செத்தது இவர்களுக்கு விளையாட்டா என்று கோபம்தான் வந்தது.

அவள் நெஞ்சு அடைத்ததை வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிய அந்த டாக்டரை நான் மன்னிக்கப்போவதில்லை. மூன்று வருடமாக ஆஸ்பத்திரிக்கு மனு எழுதுகிறேன். ஓ.பி. சீட்டில் ‘கணவர் சொன்னது’ என்று இருக்கிறது, அதுதான் அவர்கள் பதில். ஆமாம், சொன்னேன். டாக்டர் அவளைப் பார்த்து, “ஏனாய்த்தம்மா?” என்று, என்ன ஆச்சு என்று, கன்னடத்தில்தான் கேட்டார். நான்தான், “கேஸ் டிரபிள் டாக்டர், நேத்து கல்யாண வீட்டு பிரியாணி” என்றேன். பெண்டாட்டிக்காகப் புருஷன் பேசுவது ஊரில் இல்லாததா? அவளுக்கு என்னைவிட நல்ல கன்னடம் வரும். அது வேறு விஷயம்.

உன் விளையாட்டில் கட்டிலில் நீலப் புடவைக்காரி. பக்கத்தில் கட்டம் போட்ட சட்டையில் அவள் புருஷன். டாக்டர் நான். எட்டே நிமிடம். எதைக் கேட்டாலும் அந்த ஆள்தான் பதில் சொல்கிறான். ஏழு தடவை ஆடினேன். ஏழு தடவையும் அவள் கண்ணை மூடிவிட்டாள். ‘கணவரை வெளியே அனுப்பவும்’ என்ற பட்டனை முதல் தடவையே பார்த்தேன். அமுக்கவில்லை. அவன் ஏன் போகவேண்டும்?

மாடிவீட்டு சோஃபியா, டாக்டருக்குப் படிக்கிறவள், எட்டிப் பார்த்தாள். “அங்கிள், மொதல்ல இந்த வாயாடியைக் கிளப்புங்க. இந்த ஆள் இருக்கிறவரைக்கும் அந்தம்மா வாயே திறக்க மாட்டாங்க” என்று சிரித்தபடி அமுக்கிவிட்டாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

திரையில் அந்த நீலப் புடவைக்காரி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். “தாடை வலிக்குது டாக்டர். இடது கை மரத்திருக்கு. அவர் பயந்துக்குவார்னு சொல்லலை” என்றாள்.

அந்த வரியை நீயாக எழுதினாயா, அம்மா உன்னிடம் சொல்லியிருந்தாளா என்று கேட்கமாட்டேன். நீயும் அதற்குப் பதில் எழுதாதே.

பிறகு எல்லாம் சரியாக நடந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். புடவையில் வெயில் விழுந்தது. பூ உதிர்ந்துகொண்டிருந்தது, தெருவிலா திரைக்குள்ளா என்று தெரியவில்லை. சோஃபியா போன பிறகும் நான் அணைக்கவில்லை. காபி ஆறிப்போனது.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். மனுவை வாபஸ் வாங்கமாட்டேன், அதை யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனால் உன் விளையாட்டில் ஒரு குறை இருக்கிறது. வெளியே போனவனை அப்புறம் காணவே காணோம். வாசலில் ஒரு பெஞ்சு போடு, மகளே. அவன் அதில் உட்கார்ந்திருக்கட்டும். அவள் தண்ணீர் குடித்து முடித்ததும் யாராவது வந்து அவனை உள்ளே கூப்பிடட்டும்.

இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை வரையும்,
அப்பா டொமினிக்